நாம் வராமலே இருந்திருந்தால்? ஏற்காட்டில் ஒரு வெளிநாட்டு நிதித் திட்டத்தை மதிப்பிடுவது

ஒரு தொண்டு நிறுவனம் கேட்ட கேள்வியின் சாரம் இது. சேர்வராயன் மலையில் 12 ஊர்கள், சுமார் 600 குடும்பங்கள். வெளிநாட்டு நிதியில் மூன்றாண்டு ஊட்டச்சத்துத் திட்டம். வீட்டுத் தோட்டத்துக்கு விதையும் நாற்றும் கொடுத்து, தாய்மார்களுக்கு மாதந்தோறும் கூட்டம் நடத்துகிறார்கள். வரும் மார்ச்சில் திட்டம் முடிகிறது. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நிதி தரும் அமைப்பு வெளியாள் மதிப்பீடு வேண்டும் என்கிறது, முடிந்தால் ஆர்சிடி (குலுக்கிப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) என்கிறது. அதற்கு ஒதுக்கியிருப்பது 6 லட்சம் ரூபாய். பேஸ்லைன், அதாவது தொடக்க நிலை அளவு, ஒரு ஜூன் மாதத்தில், திட்ட ஊர்களில் மட்டும் எடுத்தது. இதை வைத்து என்ன செய்யலாம்?

ஆர்சிடி முடியாது. எந்த ஊருக்குத் திட்டம், எந்த ஊருக்கு இல்லை என்பதைத் தொடங்கும் முன்பே குலுக்கல் போட்டுப் பிரிப்பதுதான் அந்த முறையின் உயிர். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரெசா உதவித்தொகைத் திட்டத்தில் 506 ஊர்களை எடுத்துக் குலுக்கி, 320க்கு முதலிலும் 186க்குப் பின்னாலும் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரு தரப்பையும் ஒப்பிட முடிந்தது அதனால்தான். நீங்கள் 12 ஊரைத் தேர்ந்து வேலையும் பார்த்து முடித்தாயிற்று. இப்போது ஆர்சிடி கேட்பது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கச் சொல்வது. இதை நிதியாளருக்கு நேராகவே எழுதிவிடுங்கள். படிவத்தில் ஒரு கட்டம் இருப்பதால் கேட்கிறவர்களே அதிகம். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஆனால் ஆர்சிடி எந்தக் கேள்விக்காகப் பிறந்ததோ, அதிலிருந்து நழுவ முடியாது. நாம் வராமலே இருந்திருந்தால் இந்த மாற்றத்தில் எவ்வளவு தானாகவே நடந்திருக்கும்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கொஞ்சம் கடுமையாகவே கடிக்கும். அரசே வருடத்துக்கு ஒன்றாக ஏதாவது கொண்டுவந்துகொண்டிருக்கிற மாநிலம் இது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம், 2022இல் பள்ளியில் காலை உணவு, 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு பெண்ணின் கைக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வந்தால் வீட்டில் முட்டையும் பருப்பும் கூடுவது இயல்பு. ‘திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்’ என்று மட்டும் பார்க்கிற அறிக்கை அந்த முட்டையையும் உங்கள் கணக்கில் எழுதிவிடும்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது குழந்தைகள் இழந்த படிப்பை, தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்து அளந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு ஏறக்குறைய கால்வாசி, 24 சதவீதம். மிச்சம் அந்தத் திட்டம் இல்லாமலே வந்தது. ஒப்பீடு இல்லாமல் எழுதியிருந்தால் முழு மீட்சியும் ஒரே திட்டத்தின் பேரில் போயிருக்கும். கால் பங்கு என்பதும் சின்ன விஷயமில்லை, அந்தத் திட்டத்துக்கு அது நல்ல மதிப்பெண்தான். அதை நம்பிச் சொல்ல முடிந்தது ஒப்பீடு இருந்ததால்.

உங்கள் 6 லட்சத்தில் இரண்டு வேலைகள் செய்யலாம். திட்டத்தின் சங்கிலி எந்தக் கண்ணியில் பிடிக்கிறது, எதில் அறுகிறது என்று நேரில் பார்ப்பது ஒன்று. திட்டம் இல்லாத ஊர்களோடு ஒரே நேரத்தில் ஓர் எளிய ஒப்பீடு வைப்பது இன்னொன்று. முதலாவதுக்கே அதிகக் காசும் நாளும் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டிஓஆர், அதாவது மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கிற பணி வரையறை. பெரும்பாலான மதிப்பீடுகள் களத்துக்குப் போகும் முன்பே இங்கேதான் கெட்டுப்போகின்றன. நிதியாளரின் மாதிரிப் படிவத்தில் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் ஆறு அளவுகோல்களும் வரிசையாக இருக்கும்: பொருத்தம், மற்றத் திட்டங்களோடு இசைவு, பயன் எட்டியதா, செலவுத் திறன், தாக்கம், நீடிப்பு. 1991இல் ஐந்தாக இருந்தவை. 2019இல் ‘இசைவு’ சேர்ந்து ஆறாயின. ஒவ்வொன்றுக்கும் ஐந்து துணைக்கேள்வி போட்டு முப்பது கேள்விகளோடு ஒருவரை 25 நாளைக்கு அமர்த்தினால், ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்க வழவழாப் பதில்தான் வரும். அந்த 2019 ஆவணமே, அளவுகோல்களை யோசித்துப் பயன்படுத்துங்கள், மதிப்பீட்டின் நோக்கத்தைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள் என்கிறது. அதைக் காட்டியே குறைக்கலாம்.

குறைப்பதற்கு ஒரு வழி: இந்த அறிக்கை வந்தால் யார், எந்த மாதத்தில், என்ன முடிவெடுக்கப்போகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். ‘அடுத்த கட்டத்தில் விதை தருவதைத் தொடர்வதா, தண்ணீர்த் தொட்டிக்குக் காசை மாற்றுவதா’ என்பது ஒரு முடிவு. ‘லைன் வீட்டுக் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) குடும்பங்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமா’ என்பது இன்னொன்று. எந்த முடிவோடும் ஒட்டாத கேள்வியை அடித்துவிடுங்கள். நான்கு அல்லது ஐந்து கேள்வி மிஞ்சினால் போதும். லாக்ஃப்ரேமில், அதாவது திட்டத்தின் இலக்கு அட்டவணையில், ‘விழிப்புணர்வு அதிகரித்தது’ என்று இருக்கிற வரிகள் பெரும்பாலும் இந்தச் சல்லடையில் நிற்காது.

இப்போது சங்கிலி. உங்கள் திட்டத்தின் நம்பிக்கையைப் படிப்படியாக எழுதிப் பாருங்கள். விதை கொடுத்தோம், பாத்தி போட்டார்கள், கோடையில் தண்ணீர் கிடைத்தது, பன்றியும் குரங்கும் விட்டுவைத்தன, காய் வந்தது, வந்த காயை விற்காமல் வீட்டில் சமைத்தார்கள், சமைத்தது அந்தப் பெண்ணின் தட்டுக்கும் குழந்தையின் தட்டுக்கும் போனது. ஏழு படி. ஒவ்வொரு படியிலும் பத்தில் எட்டு வீடு மட்டும் தாண்டினால், கடைசியில் நூற்றுக்கு 21 வீடுதான் மிஞ்சும். எந்தப் படியிலும் பெரிய தோல்வி இல்லாமலே ஒரு திட்டம் காணாமல் போவது இப்படித்தான்.

மலையில் இந்தச் சங்கிலி அறுகிற இடங்கள் ஓரளவு ஊகிக்கக்கூடியவை. காப்பி எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குப் பாத்தி போடச் சொந்த நிலம் இருக்காது. அவர்களும் 600இல் சேர்ந்திருந்தால் அவர்களைத் தனியாக எண்ண வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஊற்று வற்றும்போது குடத்தில் வருகிற தண்ணீர் குடிக்கவா, கீரைக்கா என்ற கேள்வி வரும். காட்டெருமை நடக்கிற தடத்தில் வேலியில்லாத தோட்டம் ஒரு ராத்திரி தாங்காது. ஒவ்வொரு கண்ணிக்கும் கண்ணால் பார்க்கிற ஓர் அடையாளம் வையுங்கள். ‘தோட்டம் வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘தோட்டத்தைக் காட்டுங்க’ என்று பின்கட்டுக்குப் போய், உயிரோடு நிற்கிற செடி வகைகளை எண்ணிக் குறிப்பது தரவு. ‘போன ஏழு நாளில் இதிலிருந்து எதைப் பறிச்சீங்க, எத்தனை தடவை, வித்ததா சமைச்சதா’ என்பது அடுத்த கேள்வி.

கடைசிக் கண்ணியை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை: வீட்டில் சாப்பாட்டை முடிவு செய்வது யார்? இதன் கனம் தெரிய, தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பிப் போன ஒரு திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை தேறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு, தாய்க்கு ஆலோசனை. நல்ல பலன் கிடைத்ததென்று பேர் வாங்கியது. அதே அச்சில் 1995இல் வங்கதேசத்தில் ஒரு திட்டம் வார்த்தார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை. பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்தது: தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் பல வீடுகளில் கடைக்குப் போய் வாங்குவது ஆண், பங்கிட்டுக் கொடுப்பது மாமியார். சொல்லிக் கொடுக்கப்பட்டவளின் கையில் முடிவு இல்லை. அதோடு, கொடுத்த சத்துணவு சில வீடுகளில் கூடுதலாகச் சேராமல் வழக்கமான சாப்பாட்டுக்குப் பதிலாகிப் போனது.

உங்கள் கூட்டங்களுக்கு வருவதும் தாய்மார்கள்தான். சந்தைக்குப் போவது யார், காசு யார் கையில், கடைசியில் சாப்பிடுவது யார் என்று 20 வீடுகளில் பொறுமையாகக் கேளுங்கள். மாமியாரிடம் தனியாகக் கேளுங்கள். குழுக் கலந்துரையாடலை மட்டும் நம்பிவிடாதீர்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டினால் பேசுவது மகளிர் குழுத் தலைவிகளும் ஊர்ப் பெரியவரும்தான். மற்றவர்கள் தலையாட்டுவதை ஒருமித்த கருத்து என்று எழுதிவிடுவார்கள்.

ஒப்பீட்டு ஊர்களுக்கு வருவோம். ஓமலூர்ப் பக்கம் ஒரு சமவெளிக் கிராமத்தைப் பிடித்து ஒப்பிடுவது வேண்டாம். கூலி, சந்தை, பயிர், அங்கன்வாடிக்கு நடக்கிற தூரம் எல்லாமே வேறு. கல்வராயன் மலையிலும் இங்கே போலவே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் இருக்கிறார்கள் என்று அங்கே போகத் தோன்றும். ஆனால் மாவட்ட நிர்வாகமும் வேலை வாய்ப்பும் வேறு. ஏற்காட்டின் எஸ்டேட் கூலியும் சுற்றுலாக் காசும் அங்கே கிடையாது. சேர்வராயனுக்குள்ளேயே, உங்கள் வேலை போகாத ஊர்களை எடுப்பது நல்லது. அதில் உள்ள சிக்கல், பெண் கொடுத்து எடுத்த உறவு. திட்ட ஊரிலிருந்து நாற்றும் விதையும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் ஒப்பீட்டு ஊரிலும் ‘இந்த நாற்று எங்கிருந்து வந்தது’ என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். அப்படிப் போயிருந்தால் அதுவும் திட்டத்தின் பலன்தான், ஆனால் உங்கள் ஒப்பீட்டில் அது வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும்.

ஊர் பொருத்தும்போது திட்டம் மாற்றியிருக்க முடியாத விஷயங்களை மட்டும் பாருங்கள்: கடல்மட்டத்திலிருந்து உயரம், தார்ச்சாலைக்குத் தூரம், சொந்த நிலம் உள்ள வீடுகளின் பங்கு, ரேஷன் கடையும் துணை சுகாதார நிலையமும் எவ்வளவு தூரம். சாலை ஓரத்து ஊர்களாகவே எடுத்துவிடுகிற பழக்கம் ஒன்று உண்டு. ஜீப் நிற்கிற இடத்தில்தான் மதிப்பீடும் நிற்கும். நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பஞ்சாயத்துகளில் சாலையிலிருந்து நடந்துபோக வேண்டிய குடியிருப்புகளைப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்க வேண்டும்.

உங்களிடம் ஒப்பீட்டு ஊர்களுக்குப் பேஸ்லைன் இல்லை. இருந்திருந்தால் இரட்டை வித்தியாசம் எடுக்கலாம். திட்ட ஊரில் போதுமான வகை உணவு சாப்பிடும் பெண்கள் 34 சதவீதத்திலிருந்து 58 ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம், 24 புள்ளி ஏற்றம். ஒப்பீட்டு ஊரில் 37 சதவீதம் 52 ஆனது, 15 புள்ளி. மீதி 9தான் உங்கள் கணக்கு. பேஸ்லைன் இல்லாதபோது இன்றைய நிலையை மட்டும் ஒப்பிட்டு, தாயின் படிப்பு, நிலம், வீட்டின் கூரை போன்றவற்றால் சரிசெய்யலாம். இது பலவீனமான முறை. அறிக்கையில் அப்படியே சொல்லிவிடுவது மரியாதை. மூன்று வருடத்துக்கு முன் எத்தனை ஆடு, எத்தனை மாடு, கழிப்பறை இருந்ததா என்று நினைவிலிருந்து கேட்கலாம். அப்போது வருமானம் எவ்வளவு, அப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவே கூடாது, வருவது கற்பனை.

எத்தனை வீடு என்பதில்தான் ஆலோசகர்கள் அதிகம் தடுமாறுவார்கள். ‘95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை, ஆகவே 385’ என்று ஒரு வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். அது ஒரே ஒரு தரப்பின் சதவீதத்தை மதிப்பிட, அதுவும் வீடுகளைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால். உங்களுக்கு வேண்டியது இரண்டு தரப்புக்கு இடையே வித்தியாசம் கண்டுபிடிப்பது. 40க்கும் 55க்கும் உள்ள 15 புள்ளி வித்தியாசத்தை, வழக்கமான 80 சதவீதத் திறனோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் பத்தில் எட்டு முறை கண்ணில் படும்படி) பிடிக்க, தரப்புக்கு 170 வீடு வேண்டும். ஆனால் ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒரே மாதிரி சாப்பிடுவார்கள். அந்த ஒற்றுமையை (0 என்றால் இல்லவே இல்லை, 1 என்றால் முழுக்க ஒன்று) 0.05 என்று வைத்தால், ஊருக்கு 15 வீடு எடுக்கும்போது தேவை 1.7 மடங்காகி 289 ஆகும்.

இங்கேதான் தவறு நடக்கும். 289ஐ 12 ஊருக்கு வகுத்து ஊருக்கு 24 என்று போட்டுவிடுவார்கள். ஊருக்கு 15 என்று வைத்துத்தான் 289 வந்தது; அதற்கு 20 ஊர் வேண்டும். 12 ஊர்தான் என்றால் ஊருக்கு எண்ணிக்கை கூடக்கூட அந்த 1.7 என்ற மடங்கும் கூடும். கணக்கை முடித்தால் ஊருக்கு 46 வீடு, தரப்புக்கு 552 என்று நிற்கும். மொத்தமே 600 குடும்பம்! ஆகவே 15 புள்ளி வித்தியாசம் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 40க்கும் 60க்கும் உள்ள 20 புள்ளி வித்தியாசம் என்றால் ஊருக்கு 13 வீடு, தரப்புக்கு 156, இரண்டும் சேர்ந்து 312 போதும். அதைவிடச் சின்ன வித்தியாசத்தை இந்த ஆய்வு பார்க்காது என்பதை முன்கூட்டியே நிதியாளரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்பதை ‘பலன் இல்லை’ என்று படித்துவிடுவார்கள்.

வீடு தேர்வு செய்யப் பயனாளிகள் பதிவேட்டை மட்டும் எடுக்காதீர்கள். பாதியில் விலகியவர்கள் அதில் இருக்கமாட்டார்கள், அவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். அங்கன்வாடிக் குடும்பப் பதிவேட்டையும் கிராம சுகாதார செவிலியரின் பட்டியலையும் சேர்த்து, ஊரை ஒருமுறை நடந்து சரிபார்த்த பிறகு குலுக்குங்கள். பூட்டிய வீட்டுக்கு வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போன பிறகே மாற்று வீடு.

எதை அளப்பது? வீட்டுத் தோட்டத் திட்டத்துக்குக் குழந்தையின் உயரக்குறைவை அளப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மூன்று வருடத்தில் அது அசைவது அரிது. அளப்பதும் கடினம், வயதில் ஒரு மாதம் தப்பினாலே கணக்கு ஆடும். பொருத்தமானது பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்மை. 15 முதல் 49 வயதுப் பெண், நேற்றைய 24 மணி நேரத்தில், பத்து உணவு வகைகளில் ஐந்தையாவது சாப்பிட்டாரா என்பதுதான் அது. தானியமும் கிழங்கும், பருப்பு வகைகள், நிலக்கடலை போன்ற கொட்டைகள், பால், இறைச்சியும் மீனும், முட்டை, அடர்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ உள்ள காய் பழம், மற்றக் காய், மற்றப் பழம் என்று பத்து.

இதில் வழுக்கும் இடங்கள் உண்டு. 15 கிராமுக்குக் குறைவாக, ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைவாகச் சாப்பிட்டது கணக்கில் வராது. தாளிப்பில் போட்ட கறிவேப்பிலை கீரை ஆகாது. டீயில் விட்ட கொஞ்சம் பாலும் பால் ஆகாது. இதைக் கேட்பவருக்குச் சரியாகச் சொல்லித் தராவிட்டால் மலையில் எல்லா வீட்டிலும் பால் குடித்ததாகத் தரவு வரும். சந்தைக்கு மறுநாளும் திருவிழாவுக்கு மறுநாளும் எடுத்தால் எண்ணிக்கை உப்பும்.

உங்கள் பேஸ்லைன் ஜூன் மாதத்தில் எடுத்தது என்பது இங்கே பெரிய சிக்கல். ஜூனில் சேலத்து மாம்பழம் மலையிலும் மலிவு. பழுத்த மாம்பழம் வைட்டமின் ஏ பழங்களில் சேரும். டிசம்பரில் எண்ட்லைன், அதாவது இறுதி நிலை அளவு, எடுத்தால் அந்த ஒரு வகை தானாக விழுந்து, திட்டம் உணவைக் கெடுத்ததுபோலக்கூடத் தெரியலாம். வழி இரண்டு. செலவு கூட்டாமல் திட்டக் காலத்தை ஜூன் வரை நீட்டித் தரக் கேட்கலாம். நியாயமான காரணம் என்பதால் கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் முன்-பின் ஒப்பீட்டைக் கைவிட்டு, திட்ட ஊரையும் ஒப்பீட்டு ஊரையும் ஒரே இரண்டு வாரத்தில் அளக்கலாம். பருவம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும்.

ரத்தசோகையும் அளக்கச் சொன்னால் உயரத்தை மறக்காதீர்கள். மலை ஏற ஏற உடல் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். 2024இல் உலக சுகாதார நிறுவனம் புதுக்கிய வழிகாட்டலில் 1000 முதல் 1499 மீட்டர் வரை அளவிலிருந்து டெசிலிட்டருக்கு 0.8 கிராம் கழிக்க வேண்டும். 500 மீட்டருக்குக் கீழே கழிப்பு இல்லை. கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு 12.5 கிராம் என்றால், 280 மீட்டர் உயரத்தில் இருக்கிற சேலம் நகரில் அவருக்கு ரத்தசோகை இல்லை. 1400 மீட்டரில் இருக்கிற மலைக் குடியிருப்பில் அதே 12.5, கழித்தபின் 11.7, எல்லை 12, ஆகவே ரத்தசோகை. பழைய வழிகாட்டலில் கழிப்பு இதைவிடக் குறைவு. பேஸ்லைனைப் பழைய விதியிலும் எண்ட்லைனைப் புதிய விதியிலும் கணக்கிட்டால், ஒருவர் உடலிலும் மாற்றமில்லாமல் ரத்தசோகை கூடிவிடும். மூல அளவுகளை வைத்திருந்து இரண்டையும் ஒரே விதியில் போடுங்கள். ரத்தம் எடுப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். 6 லட்சத்தில் இதைத் தவிர்ப்பதே உத்தமம்.

களத்துக்கு எப்போது போவது? நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. பகலில் போனால் வீட்டில் இருப்பது முதியவர்களும் உடல்நிலை சரியில்லாதவர்களும்தான். உழைக்கும் பெண்கள் மாதிரியிலிருந்தே காணாமல் போவார்கள். அதைத் தொட்டு மிளகுப் பறிப்பு. மே மாதம் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும். அறையும் கிடைக்காது, ஆளும் கிடைக்கமாட்டார்கள். உங்கள் ஏழு மாதத்தில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஓரளவு தோதான இடைவெளி. மழைக்கு இரண்டு நாள் உபரி வையுங்கள். அதற்குள் முடியாதென்றால் மாலை ஐந்தரைக்கு மேல், எஸ்டேட்டிலிருந்து திரும்பிய பிறகு பேட்டி எடுக்க ஆட்களை மலையிலேயே தங்க வைக்க வேண்டும். தினமும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் காலை பத்து மணிக்கு மேல்தான் வேலை தொடங்கும்.

நாற்பது நிமிட வினாத்தாளுக்கு, மலையில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து வீடுதான் முடிப்பார். 312க்குப் பத்து சதவீதம் உபரி சேர்த்து 343. ஆறு பேருக்கு 12 நாள். பயிற்சிக்கு நான்கு நாள், மாதிரியில் இல்லாத ஓர் ஊரில் முன்சோதனைக்கு ஒரு நாள். கேட்பவர்கள் பெண்களாக இருக்கட்டும். திட்டப் பணியாளர் கூடவே வரக் கூடாது, திட்டத்தின் பெயர் போட்ட பை, சட்டை கூடாது. கொடுத்தவர் முன்னால் ‘எல்லாம் நல்லா இருக்குதுங்க’ என்று சொல்வது அங்கே பண்பாடு; அதைத் திருப்தி விகிதம் என்று எழுதுவது மதிப்பீட்டாளரின் குற்றம். கோபோ, ஓடிகே போன்ற செயலிகள் சிக்னல் இல்லாமலும் ஓடும். இரவில் பதிவேற்றினால் போதும். அன்றன்றே நேர முத்திரையைப் பாருங்கள். நாற்பது நிமிடப் படிவம் 12 நிமிடத்தில் முடிந்திருந்தால் மறுநாளே அந்த வீட்டுக்கு வேறொருவரை அனுப்புங்கள். எப்படியும் பத்தில் ஒரு வீட்டில், மாறாத சில கேள்விகளை மட்டும் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒப்பீட்டு ஊரில் ‘எங்களுக்கு எப்போ வரும்’ என்பார்கள். வராது என்றால் வராது என்றே சொல்ல வேண்டும்.

பணத்தில் இரண்டு குறிப்பு. ஆலோசனைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரியோடு சேர்த்து 6 லட்சம் என்றால் கையில் வேலைக்கு நிற்பது 5.08 லட்சம்தான், டிஓஆரிலேயே ‘வரி உட்பட’ என்று எழுதுங்கள். இரண்டாவது, எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 20 சதவீதம். அறிக்கை எழுதும் செலவும் தொழில்முறைக் கட்டணமும் அந்தக் கணக்கில் விழக்கூடியவை. கடைசி ஆண்டில் திட்டச் செலவு சுருங்கியிருக்கும் நேரத்தில் இது வரம்பைத் தாண்டிவிடலாம். ஒப்பந்தம் போடும் முன்பே ஆடிட்டரிடம் எந்தத் தலைப்பு என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு நிதியை இன்னொரு தொண்டு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதும் அதே திருத்தத்தில் தடைப்பட்டது. மதிப்பீட்டாளர் ஒரு டிரஸ்டாக இருந்தால், அது மானியமாக இல்லாமல் விலைப்பட்டியல் கொடுத்துச் செய்யும் சேவை ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

கட்டணத்தை மூன்று தவணையாக்குங்கள்: தொடக்க அறிக்கைக்கு 30, களப்பணி முடிந்து தரவு வந்ததும் 40, இறுதி அறிக்கைக்கு 30. கடைசித் தவணை, அறிக்கை வந்து சேர்ந்தால் தரப்பட வேண்டும். ‘நிறுவனம் ஒப்புக்கொண்டால்’ என்று எழுதினால் நீங்களே விலைக்கு வாங்கியது போலாகிவிடும். வரைவில் உங்களுக்கு ஒப்பாத இடங்களுக்கு எழுத்தில் கருத்துச் சொல்லுங்கள். தகவல் பிழையை அவர்கள் திருத்தட்டும். தீர்ப்பைத் திருத்தச் சொல்லாதீர்கள், உங்கள் மறுப்பு பின்னிணைப்பில் அப்படியே இருக்கட்டும். பெயர் நீக்கிய தரவும் வினாத்தாளும் உங்கள் கைக்கு வரவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். பேஸ்லைன் மூலத் தரவு இல்லாமல் பிடிஎஃப் அறிக்கை மட்டும் மிஞ்சி, எண்ட்லைனில் ஒப்பிட வழியில்லாமல் நிற்பது சாதாரணமாக நடப்பது. உங்கள் பேஸ்லைன் தரவு யார் கணினியில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள்.

அறிக்கை 25 பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூடவே தமிழில் இரண்டு பக்கம். அதை ஊரில் வாசித்துக் காட்டுங்கள். களப்பணி அக்டோபர் நடுவில் முடிந்தால் நவம்பர் 1 கிராம சபைக்கு முதல்நிலைக் கண்டுபிடிப்புகளைக் கொண்டுபோகலாம், தவறினால் ஜனவரி 26 இருக்கிறது. ‘தோட்டம் வறண்ட வீடுகள் இத்தனை’ என்று வாசிக்கும்போது, அது ஏன் என்று ஊரார் சொல்கிற காரணம் உங்கள் வினாத்தாளில் இருக்காது. இறுதி அறிக்கைக்கு முன்னால் அதைக் கேட்க நாள் ஒதுக்குங்கள்.

அடுத்த கட்டத்துக்கு நிதி வந்து புதிய ஊர்களுக்குப் போவதாக இருந்தால், எல்லா ஊருக்கும் ஒரே வருடத்தில் எப்படியும் போக முடியாது. யாருக்கு முதல் வருடம், யாருக்கு இரண்டாம் வருடம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குலுக்கும் முன் எல்லா ஊரிலும், பின்னால் எண்ட்லைன் எடுக்கப்போகிற அதே மாதத்தில், பேஸ்லைன் எடுத்துவிடுங்கள்.